வெயில், உப்புத்தண்ணி, ஈரக்கை... உங்க ஆப் இந்த டெஸ்ட்ல பாஸ் ஆகுமா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போயிருக்கீங்களா? போகலைன்னா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்க. ஏலச் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், தலையில கூடையோட 'வழி... வழி'ன்னு ஓடுறவங்க. இதுக்கு நடுவுல ஒரு அக்கா உங்களுக்கு வஞ்சிரம் எடைபோட்டுக் கொடுக்கிறார். நீங்க க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்புறீங்க. உங்க போன்ல பச்சை டிக் வந்துடுச்சு. அதை அவர் முகத்துக்கு நேரா நீட்டுறீங்க. அவர் திரும்பிக்கூடப் பார்க்கலை. அவர் காது முழுக்க தராசு பக்கத்துல இருக்கிற குட்டி ஸ்பீக்கர் மேலதான். பணம் வந்துடுச்சுன்னு அது சொன்ன பிறகுதான் பை உங்க கைக்கு வரும்.

அவர் கை ஈரம். விரல் முழுக்க செதில். நம்ம போன்ல இருக்கிற டச் ஸ்கிரீன், விரல் பட்டதும் ஏற்படுற சின்ன மின்மாற்றத்தை வெச்சுதான் வேலை செய்யுது. உப்புத்தண்ணியும் மின்சாரத்தைக் கடத்தும். அதனால ஒரு சொட்டு தண்ணி ஸ்கிரீன்ல பட்டாலே, எது விரல், எது தண்ணின்னு போன் குழம்பிடும். கைரேகை லாக்கும் ஈரத்துல திணறும். அப்புறம் எங்கே ஆப்பைத் திறந்து, மெசேஜைப் படிச்சு, பணம் வந்துச்சான்னு பார்க்கிறது? இன்னொண்ணு, பொய்யான பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாத்துறவங்களும் இருக்காங்க. இந்த ரெண்டு பிரச்னைக்கும் பதில், திரையே இல்லாத ஒரு பேசுற டப்பா. என்னைக் கேட்டா, இந்தியாவுல சமீப வருஷங்கள்ல வந்த ஆகச்சிறந்த யூஸர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன் இதுதான். அழகா இருக்கான்னு கேட்டா, இல்லை. வேலைக்கு ஆகுதான்னு கேட்டா, ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரை எந்தக் கடையில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

நாம ஆப்பை எடைபோடுறது எப்படி? பிளே ஸ்டோர்ல ஸ்டார் எத்தனைன்னு பார்க்கிறோம். கலர் நல்லாருக்கா, டார்க் மோட் இருக்கான்னு பார்க்கிறோம். வீட்டு சோபாவுல, ஃபேன் காத்துல, வைஃபையில உக்காந்து பார்க்கிறோம். ஆனா அந்த ஆப் வாழப்போற இடம் சோபா இல்லையே!

பயன்பாடு வேற, அனுபவம் வேற

ரெண்டு வார்த்தையை முதல்ல பிரிச்சுக்குவோம். 'யூஸபிலிட்டி'ன்னா பயன்படுத்த எளிதா இருக்கிறது. இதுக்கு ஐஎஸ்ஓ 9241-11னு ஒரு சர்வதேசத் தரமே இருக்கு. 1998ல் வந்தது, 2018ல் திருத்தினாங்க. அது மூணு விஷயத்தைப் பார்க்கச் சொல்லுது. நினைச்ச வேலை முடிஞ்சுதா? எவ்வளவு நேரமும் உழைப்பும் ஆச்சு? முடிச்சப்போ மனசுக்குத் திருப்தியா? இந்த மூணையும் 'யாருக்கு, எந்த வேலைக்கு, எந்தச் சூழல்ல'ன்னு சேர்த்துதான் கேட்கணும்னும் அதே தரம் சொல்லுது. பலரும் கோட்டை விடுறது இந்தக் கடைசி வரியிலதான்.

'யூஸர் எக்ஸ்பீரியன்ஸ்' இதைவிடப் பெருசு. ஆப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற நம்பிக்கை, தப்பா போனா வர்ற பயம், பணம் கட்டிட்டு ரசீது வராம நிக்கிற அந்த ரெண்டு நிமிஷம்... எல்லாம் சேர்ந்தது.

பயத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன். யுபிஐ-ல பணம் அனுப்பவும் பின் நம்பர் போடணும். வேற ஒருத்தர் நம்மகிட்ட 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' அனுப்பினா, அதை ஏத்துக்கவும் அதே பின் நம்பர், கிட்டத்தட்ட அதே திரை. 'உங்களுக்குப் பணம் வரப்போகுது, பின்னைப் போடுங்க'ன்னு போன்ல சொல்லி, கணக்கைக் காலி பண்ணினாங்க. 'பணம் வாங்க பின் தேவையில்லை'ன்னு வருஷக்கணக்கா விளம்பரம் பண்ணிப் பார்த்தாங்க. கடைசியில தேசிய பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் என்ன செஞ்சது தெரியுமா? தனிநபருக்குத் தனிநபர் கலெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்புற வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தச் சொல்லிடுச்சு. ஏமாந்தவங்களைப் பார்த்து 'படிக்காம ஏன் அமுக்கினீங்க'ன்னு நாம கேட்டுட்டு இருந்தோம். தப்பு திரையில இருந்தது.

'இன்னிக்குக் கடலுக்குப் போலாமா?'

வடசென்னையில உயிரோட சம்பந்தப்பட்ட ஆப்புன்னா, மீனவர்களுக்கானதைத்தான் சொல்லணும். தரமணியில இருக்கிற எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், குவால்காம் உள்ளிட்ட நிறுவனங்களோட சேர்ந்து 2007ல் தொடங்கியது 'ஃபிஷர் ஃப்ரெண்ட்' திட்டம். ஸ்மார்ட்போன் பரவாத காலம் அது. சாதாரண பட்டன் போன்லதான் ஆரம்பிச்சாங்க. பிறகுதான் ஆண்ட்ராய்டு ஆப்பா மாறுச்சு. அலை உயரம், காத்து வேகம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம், கடல் எல்லையை நெருங்கினா எச்சரிக்கைன்னு தமிழ்லயே தருது. கடல் தகவல்கள் வர்றது ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையத்துல இருந்து.

இப்போ இப்படி ஒரு ஆப்பை நீங்க மதிப்பிடணும்னு வெச்சுக்குங்க. எங்கே ஆரம்பிப்பீங்க? ஹோம் ஸ்கிரீன்ல ஐகான் எத்தனைன்னா? வேண்டாம். மீனவரோட கேள்வியில இருந்து ஆரம்பிங்க. விடியறதுக்கு முன்னாடி அவர் மனசுல இருக்கிறது ஒரே கேள்விதான்: 'இன்னிக்குப் போலாமா, வேணாமா?' ஆப் தர்றதோ எண்கள். அலை உயரம் இவ்வளவு மீட்டர், காத்து இவ்வளவு வேகம். அதே ரெண்டு மீட்டர் அலை, பெரிய விசைப்படகுக்கு ஒரு அர்த்தம். ஃபைபர் போட்டுக்கு வேற அர்த்தம். எண்ணுல இருந்து முடிவுக்குப் போற அந்தத் தூரத்தை யார் கடக்கிறாங்க? ஆப்பா, அவரா? ஆப்பைத் திறந்ததுல இருந்து அந்த முடிவுக்கு வர எத்தனை தடவை அமுக்கணும், எத்தனை தடவை பின்னாடி வரணும்னு எண்ணிப் பாருங்க.

வார்த்தைகளும் அப்படித்தான். கரையில இருக்கிறவங்க வாடைக்காத்து, கச்சான்காத்துன்னு பேசுவாங்க. ஆழத்தைப் 'பாகம்' கணக்குல சொல்வாங்க. ஆப் 'வடகிழக்கு திசை, மீட்டர்'னு சொன்னா தப்பு இல்லை. ஆனா ஒவ்வொரு தடவையும் அவர் மனசுக்குள்ள ஒரு மொழிபெயர்ப்பு நடக்கணும். தமிழ்ல இருக்கிறதும், அவர் தமிழ்ல இருக்கிறதும் ஒண்ணு இல்லை. (இதுல சிட்டி ஆப்களும் யோக்கியம் இல்லை. 'சமர்ப்பிக்கவும்'னு பட்டனுக்குள்ள எழுதப்போய், இடம் போதாம 'சமர்ப்பிக்...'னு நிக்கிறதை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க!)

அடுத்து, டவர். கரையில இருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினா செல்போன் சிக்னல் கிடைக்காது. நாள்கணக்குல தங்கித் தொழில் பண்ற விசைப்படகுகள் அதைவிட ரொம்பத் தூரம் போகும். அப்போ அந்த ஆப்போட அழகான எச்சரிக்கை, தேவைப்படுற நேரத்துல வந்தே சேராது. 2017 நவம்பர் கடைசியில வந்த ஒக்கி புயல்ல, ஆழ்கடல்ல இருந்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததோட விலை என்னன்னு கன்னியாகுமரி கடற்கரைக் கிராமங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம் 2019 அக்டோபர்ல 'ஜெமினி'ன்னு ஒரு கருவியை அறிமுகப்படுத்தினாங்க. ககன் செயற்கைக்கோள் சிக்னல் வழியா தகவலை வாங்கி, ப்ளூடூத் மூலமா மீனவரோட போனுக்கு அனுப்பும். டவர் தேவையில்லை. ஆனா ஒருவழிப் பாதைதான். கரையில இருந்து செய்தி வரும். 'எங்க படகு மாட்டிக்கிச்சு'ன்னு இவங்க அதுல திருப்பிச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் ஸ்டார் ரேட்டிங் சொல்லுமா? கரையில உக்காந்து அஞ்சு ஸ்டார் கொடுக்கலாம். அதே ஆப்புக்குக் கடல்ல ஒரு ஸ்டாரும் தேறாம போகலாம். டெஸ்ட் பண்ற காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரங்க அப்போ ஃப்ரீயா இருப்பாங்கதான். அந்த நேரத்துல போய் 'ஆப் எப்படிண்ணே?'ன்னு கேட்டா, 'நல்லாருக்கு தம்பி'ன்னுதான் சொல்வாங்க. நிஜமான பதில் வேணும்னா, படகுக்கு டீசல், ஐஸ் ஏத்துற பரபரப்புல கேட்கணும்.

எண்ணூருக்கு ஒரு கேள்வி

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்குற நேரம், எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்துல உரத் தொழிற்சாலைக்குப் போற கடலடிக் குழாய்ல அமோனியா கசிஞ்சது. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோட ஜனங்க வீட்டைவிட்டு ஓடினாங்க. இந்தப் பகுதியில இருக்கிற இளைஞர்கள் பலரும் இப்போ காத்துத் தரத்தை போன்ல பார்க்கிற பழக்கம் வெச்சிருக்காங்க. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட 'சமீர்' ஆப்ல மணலி நிலையத்தோட எண் தெரியும். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலரும் வரும்.

ஆனா அந்த எண் எதைச் சொல்லுது? நம்ம நாட்டுக் காத்துத் தரக் குறியீடு, பெரும்பாலான மாசுகளுக்கு 24 மணி நேர சராசரியை வெச்சுப் போடுறது. அமோனியாவும் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதுக்கும் 24 மணி நேர சராசரிதான். நேத்து முழுக்க எப்படி இருந்துச்சுன்னு சொல்ற எண்ணை, 'இந்த நிமிஷம் ஜன்னலைத் திறக்கலாமா'ங்கிற கேள்விக்குப் பதிலா நாம படிக்கிறோம். நடுராத்திரி திடீர்னு வர்ற கசிவுல அந்தக் கலரை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மூக்கையும் பக்கத்து வீட்டுக்காரர் குரலையும் நம்புறதுதான் சரி. கணக்கு தப்பு இல்லை. ஆனா எந்தத் திரையும் 'இது எந்த நேரத்தோட அளவு'ன்னு பெரிய எழுத்துல சொல்லலைன்னா, அதைப் பயன்பாட்டுக் குறைன்னே எழுதி வையுங்க.

ரயில் டிக்கெட் கதை இதுக்கு நேர் எதிர். கும்மிடிப்பூண்டி லைன்ல, திருவொற்றியூர் ஸ்டேஷன் வாசல்ல நின்னு யுடிஎஸ் ஆப்ல பேப்பர் இல்லாத டிக்கெட் எடுக்கப் பார்த்து, 'எடுக்க முடியாது'ன்னு வந்து கடுப்பானவங்க நிறைய பேர். அது பழுது இல்லை, விதி. டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததும் சட்டுன்னு எடுத்துடக் கூடாதுன்னு, தண்டவாளத்துக்குப் பக்கத்துல எடுக்க விடமாட்டாங்க. ஸ்டேஷன்லயே ஒட்டியிருந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணியிருந்தா எடுத்திருக்கலாம். இந்த ஒரு வரியை அந்தத் திரையிலயே தெளிவா சொல்லியிருந்தா, எத்தனை பேர் ரயிலை விட்டிருக்க மாட்டாங்க!

மெட்ரோவுல 2023 மே மாசம் வாட்ஸ்அப் டிக்கெட் வந்தது. புதுசா ஆப் இறக்க வேணாம், எல்லோருக்கும் பழகின சாட் பெட்டி. விம்கோ நகர்ல இருந்து தினமும் போறவங்க அதை யாரும் சொல்லித்தராமலே பிடிச்சுக்கிட்டதுல ஆச்சர்யம் இல்லை.

வீட்டுலயே டெஸ்ட் பண்ணலாம்

சரி, நீங்க காலேஜ் புராஜெக்ட்டுக்கு ஒரு ஆப் பண்றீங்க. இல்லைன்னா, அப்பாவுக்கு எந்த பேங்க் ஆப் சரிவரும்னு தெரிஞ்சுக்கணும். எப்படிப் பார்க்கிறது?

டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதின ஒரு கட்டுரை இந்தத் துறையில ரொம்பப் பிரபலம். அஞ்சு பேர்கிட்ட டெஸ்ட் பண்ணினாலே சுமார் 85 சதவிகிதப் பிரச்னைகள் வெளிய வந்துடும்ங்கிறது அவர் கணக்கு. எல்லா ஆப்புக்கும் இது பொருந்துமான்னு இன்னிக்கும் சண்டை நடக்குது. ஆனா ஒருத்தர்கிட்டகூட டெஸ்ட் பண்ணாததைவிட அஞ்சு பேர் எவ்வளவோ மேல். ஒரே ஒரு எச்சரிக்கை: அஞ்சும் உங்க கிளாஸ்மேட்டா இருக்கக் கூடாது. ஒரு மீன் வியாபாரி, ஹார்பருக்கு கன்டெய்னர் ஓட்டுற ஒரு டிரைவர், ஒரு பாட்டி, பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன், டெலிவரி பண்ற ஒருத்தர்னு கலந்து பிடிங்க.

அவங்களுக்கு ஒரு வேலையைக் கொடுங்க. 'இந்த ஆப் எப்படி இருக்கு?'ன்னு கேட்காதீங்க. 'போன மாசம் கட்டின ரசீதை எடுங்க'ன்னு சொல்லுங்க. மனசுல ஓடுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணச் சொல்லுங்க. அப்புறம் நீங்க வாயை மூடிக்கணும். இதுதான் கஷ்டம்.

நானே இதுல கோட்டை விட்டிருக்கேன். தண்டையார்பேட்டையில இருக்கிற சித்திகிட்ட ஒரு பேமென்ட் ஆப்பைக் கொடுத்து, கரன்ட் பில் எவ்வளவுன்னு பார்க்கச் சொன்னேன். முதல்ல அவங்க விரல் போனது விளம்பரத்துக்கு. திரையில பெருசா இருந்தது அதுதான். எப்படியோ பில் பக்கத்துக்கு வந்தாங்க. 'கன்ஸ்யூமர் நம்பர்'னு கேட்டுச்சு. சித்திக்குத் தெரிஞ்சது 'சர்வீஸ் நம்பர்'. "இது வேற ஏதோ கேக்குதுப்பா"ன்னு பின்னாடி போகப் பார்த்தாங்க. என்னால பொறுக்க முடியலை. "அதேதான் சித்தி, போடுங்க"ன்னு சொல்லிட்டேன். பாதி நம்பர் போட்டதும், கண்ணாடியை எடுக்க எழுந்தாங்க. திரும்பி வந்தப்போ ஆப் லாக் ஆகி, போட்ட எண்கள் எல்லாம் காணோம். "எனக்கு இதெல்லாம் வராதுப்பா"ன்னு போனை என் கையில கொடுத்துட்டாங்க. மூணு குறையைக் காட்டிக்கொடுத்தவங்க அவங்க. கடைசியில தன்னைத்தான் குறை சொல்லிக்கிட்டாங்க. நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா நாலாவது குறையும் தெரிஞ்சிருக்கும்.

பார்க்கும்போது மூணு விஷயத்தைக் குறிச்சுக்கோங்க: வேலை முடிஞ்சுதா, எத்தனை நிமிஷம், எங்கே தயங்கினாங்க. தயக்கம்தான் தங்கம். விரல் ஆகாசத்துல நிக்கிற அந்த ரெண்டு நொடியைத் தவறவிடாதீங்க.

சில அளவுகள் கையில இருந்தா சண்டை போட வசதி. அமுக்குற இடம் குறைஞ்சது 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கணும்னு ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லுது. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிறவேறுபாடு 4.5-க்கு 1 இருக்கணும்ங்கிறது வெப் அணுகல் விதி. சாம்பல் பின்னணியில வெளிர்சாம்பல் எழுத்து போடுற ஸ்டைலை, மதியம் ஒரு மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல பைக்கை நிறுத்திப் படிச்சுப் பாருங்க. அந்த ஸ்டைலோட ஆயுசு அங்கேயே முடிஞ்சுடும்.

மதிப்பெண் போடணுமா? 1986ல் ஜான் புரூக் உருவாக்கின 'எஸ்யூஎஸ்' கேள்வித்தாள் இருக்கு. பத்தே பத்து வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் 1-ல இருந்து 5 வரை. ஒற்றைப்படை வாக்கியங்கள்ல வந்த எண்ல இருந்து 1-ஐக் கழிங்க; இரட்டைப்படையில 5-ல இருந்து வந்த எண்ணைக் கழிங்க. எல்லாத்தையும் கூட்டி 2.5-ஆல பெருக்கினா நூத்துக்கு இவ்வளவுன்னு வரும். 68-தான் சராசரின்னு சொல்வாங்க. ஆனா இது சதவிகிதம் இல்லை, பிரச்னை எங்கேன்னும் சொல்லாது. அதுக்கு நீங்க எழுதி வெச்ச குறிப்புதான் வேணும்.

எளிதா இருக்கிறதெல்லாம் நல்லதா?

இல்லை. சில ஆப்கள்ல சேர்றதுக்கு ஒரு தட்டு, விலகுறதுக்கு ஒன்பது தட்டு. கார்ட்ல நீங்க போடாத பொருள் வந்து உக்காந்திருக்கும். 'இன்னும் 2 நிமிஷம்தான்'னு பொய்க் கடிகாரம் ஓடும். இவை வேணும்னே செஞ்ச வலைகள். ஹாரி பிரிக்னல் 2010ல் இதுக்கு 'டார்க் பேட்டர்ன்'னு பேர் வெச்சார். இந்தியாவுல 2023 நவம்பர் 30 அன்னிக்கு வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள், இப்படி 13 வகைகளைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. மாட்டிக்கிட்டா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு, 1915-க்கு கூப்பிடுங்க. அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

வலை இல்லாம வெறும் குறைதான்னா, ரிவ்யூ எழுதுங்க. 'வொர்ஸ்ட் ஆப்'னு ஒரு ஸ்டாரோட விட்டா அதைச் சரிபண்ற பொண்ணுக்கோ பையனுக்கோ எதுவும் புரியாது. சித்தி வீட்டுல இருந்து வந்ததும் நான் எழுதினது இது: 'கரன்ட் பில் பக்கத்தில் கன்ஸ்யூமர் நம்பர் என்று கேட்கிறீர்கள். தமிழ்நாட்டில் பலரும் சர்வீஸ் நம்பர் என்றுதான் சொல்கிறோம். இரண்டையும் போடுங்கள். பாதியில் ஆப் லாக் ஆனால், போட்ட எண் அழியக் கூடாது. ஆண்ட்ராய்டு 12, பயன்படுத்தியவர் வயது 58, கண்ணாடி போடாமல்.'